ஒயரிங்கை கடைசிக்குத் தள்ளாதீர்கள்
மெக்கானிக்கல் அசெம்பிளியை முழுசாக முடித்துவிட்டு ஒயரிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம். ஏர்பஸ் ஏ380-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு விமானத்துக்குள் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர், ஹாம்பர்க் ஆலையில் கேட்டியா என்ற டிசைன் மென்பொருளின் வி4 பதிப்பு, துலூஸ் ஆலையில் வி5, நடுவில் மாடல் சரியாகக் கைமாறவில்லை, செம்பைப் போல இறுக்கி வளைக்க முடியாத அலுமினிய ஒயர் வேறு, பொருத்தப் போனால் ஹார்னஸ், அதாவது ஒயர் கட்டு, நீளம் பற்றவில்லை. இதனால் தாமதமாகி, முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் ஒப்படைக்கப்பட்டது.

அதனால் ஹார்னஸை ஆரம்பத்திலேயே அசெம்பிளிக்குள் ஓட்டிப் பாருங்கள். கனெக்டருக்குப் பின்னால் ஒயர் நேராக வெளிவர இடம் இருக்கிறதா, கிளாம்ப் எங்கே, கதவு திறக்கும்போது எவ்வளவு தளர்வு வேண்டும், எல்லாம் அங்கேதான் தெரியும். ஸ்கீமேட்டிக்கில், அதாவது சர்க்யூட் வரைபடத்தில், ஹார்னஸ் வெறும் கோடு. நிஜத்தில் ஐம்பது ஒயர் சேர்ந்த கட்டு, அது நுழைய பிராக்கெட்டில் ஓட்டை வேண்டும்.