பாண்டு போட்ட வேலையை விட்டு வெளியே வருவது: பெங்களூரு நடைமுறை

"பாண்டெல்லாம் செல்லாது, பேப்பர் போட்டுட்டுக் கிளம்பு" என்று மடிவாளா பி.ஜி. விடுதிகளில் அறைக்கு ஒருவராவது சொல்வார். பாண்டு என்பது, இத்தனை காலம் வேலை பார்ப்பேன், முன்பே போனால் இவ்வளவு பணம் கட்டுவேன் என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம்; பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா. அந்தப் பேச்சை நம்பிக் கிளம்ப வேண்டாம். மூன்று வருடம் அல்லது இரண்டு லட்சம் என்ற விஜயா வங்கியின் பாண்டு செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊழியர் பக்கம் நின்ற கர்நாடக உயர் நீதிமன்றத் தீர்ப்பு அதோடு ரத்தானது. ஆனால் அங்கே வழக்காடியது பொதுத்துறை வங்கி. ஓர் ஆள் போனால் மறுபடி விளம்பரம், மறுபடி தேர்வு என்று பெரிய செலவு என்பதும் தீர்ப்புக்கு ஒரு முக்கியக் காரணம். பத்து நாள் ஸ்லைடு போட்டுக் காட்டிவிட்டு மூன்று லட்சம் கேட்கும் கம்பெனிக்கு அது அப்படியே பொருந்திவிடாது.

நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவு. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், மீறியவரிடம் வாங்கக்கூடியது நியாயமான இழப்பீடுதான். எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு மட்டுமே. 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில் பாண்டு மூன்று வருடத்துக்கு 2,00,000 ரூபாய். பயிற்சிக்கு ஆன செலவு 67,595 ரூபாய். ஊழியர் ஏறத்தாழ இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தார். கட்டச் சொன்ன தொகை 22,532 ரூபாய், அதாவது ஆன செலவில் மூன்றில் ஒரு பங்கு. ஹெச்.ஆரோடு பேசும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

பேப்பர் போடும் முன் பாண்டில் ஒரு வரியைத் தேடுங்கள்: காலம் சேர்ந்த தேதியிலிருந்து ஓடுகிறதா, பயிற்சி முடிந்த தேதியிலிருந்தா? 24 மாதம், 2,00,000 ரூபாய் என்றால் ஒரு மாதத்தின் விலை சுமார் 8,333 ரூபாய். சேர்ந்து 15 மாதத்தில் வெளியேறுகிறவருக்கு மிச்சம் 9 மாதம், 75,000 ரூபாய். முதல் மூன்று மாதப் பயிற்சியைக் கணக்கில் சேர்க்காத பாண்டு என்றால் மிச்சம் 12 மாதம், ஒரு லட்சம். அடுத்த தகராறு, பேப்பர் போட்ட பிறகும் வேலை பார்க்க வேண்டிய நோட்டீஸ் பீரியடில் வரும். பேப்பர் போட்ட நாளோடு பாண்டுக் கணக்கை நிறுத்திவிடுவது சில ஹெச்.ஆர்.களின் வழக்கம். நோட்டீஸில் இருக்கும் 90 நாளும் நீங்கள் வேலை பார்க்கும் நாள்தான். கடைசி வேலை நாள் வரை எண்ணச் சொல்லுங்கள். நோட்டீஸை முழுதாக முடித்துவிட்டால், பாண்டுக்கு மேல் நோட்டீஸ் குறைவுக்கான பணம் என்று இரண்டாவது கோரிக்கை வர இடமிருக்காது.

பிறகு ஒரு மெயில். போனில் பேசியது எதுவும் எண்ணிக்கையில் வராது. கேட்க வேண்டியவை: பயிற்சிக்கு ஆன செலவின் விவரம், வெளிப் பயிற்சியாளரின் பில், அந்த பேட்ச்சில் எத்தனை பேர், மிச்ச மாதத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் என்ன வரும். சான்றிதழ்த் தேர்வுக் கட்டணம், வெளியூர்ப் பயிற்சிக்கான பயணச் செலவு இவற்றுக்கு ரசீது இருந்தால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அது நீங்கள் கட்ட வேண்டிய பணம். பயிற்சிக் காலச் சம்பளத்தையே செலவாகக் காட்டினால் விடாதீர்கள். அந்த நாளில் டிக்கெட் (ஒதுக்கிய வேலை) முடித்திருந்தால், புராஜெக்டில் பெயர் இருந்திருந்தால், அதற்கான மெயில்களின் விவரத்தைச் சொல்லி மறுக்கலாம். சக ஊழியரே எடுத்த வகுப்புக்குத் தலைக்கு ஐம்பதாயிரம் என்று வந்தால் எப்படி வந்தது என்று கேளுங்கள். பல நேரம் பதில் வராது, தொகை குறைந்து வரும்.

தொகைக்கு மேல் 18% ஜி.எஸ்.டி. சேர்த்து அனுப்பினால் கட்ட வேண்டியதில்லை. பாண்டு மீறலுக்கும் நோட்டீஸ் குறைவுக்கும் பிடிக்கும் பணத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178வது சுற்றறிக்கையில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இந்த ஒரு வரி, ஒரு லட்சத்தில் 18,000 ரூபாயை மிச்சப்படுத்தும்.

கடைசிச் சம்பளம் 45 நாள் கழித்துத்தான் என்பது பழைய பல்லவி. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் ஊதியம் தர வேண்டும். பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஊதியத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பி.எஃப். பணத்தில் கை வைக்கவே முடியாது.

சேரும்போது வாங்கிவைத்த வெற்றுச் செக்கைப் பற்றித்தான் நிஜமாகக் கவலைப்பட வேண்டும். கையெழுத்துப் போட்டு மனமுவந்து கொடுத்த வெற்றுச் செக்கையும் கடனுக்குக் கொடுத்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. 'ஸ்டாப் பேமென்ட்' கொடுப்பது மட்டும் காப்பாற்றாது. செக் திரும்பி அதற்கான நோட்டீஸ் கைக்கு வந்தால், பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம். ஆகவே தொகை பேசும்போதே செக் எண்ணைக் குறிப்பிட்டுத் திரும்பக் கேளுங்கள்.

இன்னொன்று, ஊரில் அப்பா போட்ட ஜாமீன் கையெழுத்து. வக்கீல் நோட்டீஸ் கிருஷ்ணகிரிக்கோ வேலூருக்கோ வீட்டு விலாசத்துக்கே போகும். வீடு கலங்கிவிடும், அதற்காகத்தான் அங்கே அனுப்புகிறார்கள். முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்: பாண்டுப் பணம் உரிமையியல் (சிவில்) விவகாரம், அதற்குப் போலீஸ் வராது, வேலையில் இரு என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஜாமீன்தாரின் பொறுப்பும் உங்களுடையதற்குச் சமம். நோட்டீஸுக்கு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். வழக்குப் போட அவர்களுக்கு மூன்று வருட அவகாசம் உண்டு. சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடும். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு; சித்தையா சாலை நியாய தேகுலாவில் உள்ள மாநில சட்டப் பணிகள் ஆணையத்தில் கேட்கலாம்.

புது கம்பெனி பாண்டுப் பணத்தைத் தருகிறேன் என்றால் அது உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். 75,000 தருவதாகச் சொன்னால் கையில் அவ்வளவு வராது. அதற்கும் ஒரு வருடம் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும், படித்துப் பாருங்கள்.

பணம் வங்கி வழியாக மட்டும். அதற்கு முன் 'பாக்கி எதுவும் இல்லை' என்ற வாசகத்தோடு கடிதம், ரிலீவிங் லெட்டர், செக், அசல் சான்றிதழ்கள் எல்லாம் எந்தத் தேதியில் கைக்கு வரும் என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். தொகையில் உடன்பாடு இல்லை, ஆனால் லெட்டர் அவசரம் என்றால், ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள். விஜயா வங்கி ஊழியரும் அப்படிக் கட்டிவிட்டுத்தான் வழக்குக்குப் போனார். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியை அவர்கள் போடாமல் இழுத்தால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து பி.எஃப். உறுப்பினர்களுக்கான யு.ஏ.என். இணையதளத்தில் நீங்களே 'மார்க் எக்ஸிட்' போட்டுக்கொள்ளலாம்.