தூது ஆர்.என்.ஏ-வின் தொப்பியைக் கழற்றும் புரதம்

ஜூன் 3

டிசிபி2 என்ற புரதத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க இங்கே குறித்து வைக்கப் போகிறேன். ஒரு மரபணுவிலிருந்து, புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ எப்படி உருவாகிறது என்று பாடப்புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. அதே தூது எப்படி அழிகிறது என்பதற்கு ஒன்றிரண்டு வரிதான் கிடைக்கிறது. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. செல்லில் ஒரு புரதம் எவ்வளவு உற்பத்தியாகும் என்பது, அதன் தூது எத்தனை பிறக்கிறது என்பதை மட்டும் பொறுத்ததல்ல. பிறந்தது எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதையும் பொறுத்தது. ஈஸ்டில் எம்எஃப்ஏ2 மரபணுவின் தூது சுமார் 4 நிமிடத்திலேயே எண்ணிக்கையில் பாதியாகிவிடும். பிஜிகே1 மரபணுவின் தூது பாதியாக அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். செல் ஒன்றுதான், அழிக்கிற நொதிகளும் அவையேதான். பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஜூன் 4

முதலில் அமைப்பு. தூதின் முன்முனையில் ஒரு தொப்பி: மெத்தில் ஏறிய குவானோசின், மூன்று பாஸ்பேட்டுகள் வழியாகத் தலைகீழாக ஒட்டியிருக்கும். பின்முனையில், ஆர்.என்.ஏ-வின் எழுத்துகளில் ஒன்றான அடினைன் திரும்பத் திரும்ப வரும் வால். ஈஸ்டில் 70 முதல் 90 அடினைன்கள். பாலூட்டிகளில் புதுத் தூதுக்கு 200 அளவில் இருக்கும். இந்த இரண்டும் இருக்கும்வரை இரு முனைகளுக்கும் காவல் உண்டு.

அழிவு பெரும்பாலும் வாலில்தான் தொடங்குகிறது. பான்2-பான்3, சிசிஆர்4-நாட் என்ற இரண்டு புரதக் கூட்டுகள் அடினைன்களை ஒவ்வொன்றாகத் தின்று வாலைக் குட்டையாக்குகின்றன. ஈஸ்டில் பத்துப் பன்னிரண்டு அடினைன் மிஞ்சும் நிலை வந்ததும் டிசிபி2-இன் முறை. மூன்று பாஸ்பேட்டுகளில் ஆர்.என்.ஏ-வை ஒட்டி இருப்பதற்கும் அடுத்ததற்கும் நடுவே அது வெட்டுகிறது. தொப்பி இரண்டு பாஸ்பேட்டுகளோடு கழன்று போகும், ஆர்.என்.ஏ-வின் முனையில் ஒற்றைப் பாஸ்பேட் மிஞ்சும். எக்ஸ்ஆர்என்1 என்ற நொதிக்குத் தேவையானது அந்த ஒற்றைப் பாஸ்பேட்தான். அதைப் பிடித்துக்கொண்டு முன்முனையிலிருந்து பின்முனை வரைக்கும் கடித்துத் தீர்த்துவிடும். தொப்பி இருக்கும்வரை எக்ஸ்ஆர்என்1-ஆல் உள்ளே நுழைய முடியாது. தொப்பி போன பிறகு திரும்பி வர வழி கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் டிசிபி2 வெட்டும் அந்தக் கணம் இவ்வளவு முக்கியம்.

(பின்முனையிலிருந்து எக்ஸோசோம் என்ற புரதக் கூட்டு தின்னும் இன்னொரு பாதையும் உண்டு. அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.)

ஜூன் 7

இந்த வரிசையை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைப் படித்ததில் இன்று மனம் நிறைந்துபோனது. எக்ஸ்ஆர்என்1 அவ்வளவு வேகமானது; பாதி தின்ற ஆர்.என்.ஏ கண்ணில் படவே படாது. கண்ணில் படாததை எந்த முனையிலிருந்து தின்றது என்று எப்படிச் சொல்வது? 1990-களின் தொடக்கத்தில் அரிசோனா பல்கலைக்கழகத்தில் ராய் பார்க்கரின் குழு ஒரு வழி செய்தது. எம்எஃப்ஏ2 தூதுக்குள் 18 குவானின்களைத் தொடர்ச்சியாகச் செருகினார்கள். அவை மடிந்து இறுகி ஒரு முடிச்சாகிவிடும். நொதி அங்கே வந்து முட்டி நின்றுவிடும். அப்புறம் கேலக்டோஸால் இயங்கும் மரபணு இயக்கியை வைத்து, குளுக்கோஸ் சேர்த்தவுடன் புதுத் தூது பிறப்பதை நிறுத்தினார்கள். நேரம் பார்த்துப் பார்த்து மாதிரி எடுத்தால், முதலில் வால் குறைகிறது, அதன் பிறகே முன்பகுதி போன துண்டு தென்படுகிறது. தின்றது முன்முனையிலிருந்துதான் என்பது அந்தத் துண்டிலேயே தெரிகிறது. எக்ஸ்ஆர்என்1 இல்லாத ஈஸ்டிலோ, வால் குறைந்து தொப்பியும் கழன்ற முழுநீளத் தூதுகள் அப்படியே குவிகின்றன. இவ்வளவு எளிய ஒரு செருகலால் ஒரு முழுப் பாதையே துலங்கியதை நான் வியந்து வியந்து படித்தேன்.

ஜூன் 8

தொப்பியைக் கழற்றுவது எது என்பது உடனே தெளிவாகவில்லை. டிசிபி1 என்ற இன்னொரு புரதத்தைத்தான் முதலில் அந்த நொதி என்று கருதினார்கள். 1998-இல் அதைப் பிரித்தெடுத்தபோது தொப்பி கழற்றும் வேலையும் அதனுடனேயே வந்தது. 1999-இல் டிசிபி2 ஈஸ்டில் கண்டறியப்பட்டது. அதில் நூடிக்ஸ் என்ற 23 அமினோ அமில அடையாளம் இருந்தது. பாஸ்பேட் பிணைப்புகளை வெட்டும் ஒரு பெரிய நொதிக் குடும்பத்தின் முத்திரை அது. 2002-இல் மனிதப் புரதத்தை வைத்துச் செய்த சோதனைகள் வெட்டுவது டிசிபி2 என்று காட்டின. டிசிபி1 அதை ஊக்குவிக்கும் துணை.

ஜூன் 11

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஈஸ்டின் டிசிபி2-இல் 970 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. வெட்டுவதற்கு முதல் 300 போதும். மீதி நீண்ட வாலுக்கு என்ன வேலை? அதன் ஒரு பகுதி டிசிபி2-ஐத் தானே அடக்கி வைக்கிறது. வேறு பகுதிகளில் ஈடிசி3, பேட்1 போன்ற புரதங்கள் வந்து பிடித்து அந்த அடக்கத்தைத் தளர்த்துகின்றன. உறையோடு பிறந்த கத்தி என்று சொல்லலாம். சாதாரணமாக டிசிபி2 மிக மந்தமான நொதி. போதாததற்கு, தொப்பியைப் பிடித்திருக்கும் இஐஎஃப்4இ என்ற புரதம் வேறு அதை நெருங்க விடாது. தூதின் வால் குட்டையானதும், எல்எஸ்எம்1 முதல் 7 வரையான புரதங்கள் சேர்ந்த வளையம் பேட்1-ஓடு பின்முனையில் வந்து அமரும். பேட்1 வழியாக டிசிபி2 வரவழைக்கப்படும்.

முதல் நாள் கேட்ட கேள்விக்குப் பெரும்பகுதி விடை இங்கேதான் என்று நினைக்கிறேன். வெட்டும் திறன் எல்லாத் தூதுக்கும் ஒன்றுதான். வால் எவ்வளவு வேகமாகக் குறைகிறது, துணைப் புரதங்கள் எப்போது வந்து பிடிக்கின்றன என்பதில்தான் ஆயுள் மாறுகிறது. புரதம் பாதியில் நின்றுபோகும்படி இடையில் தவறான நிறுத்தக் குறி உள்ள தூது என்றால் செல் வால் குறையும்வரை காத்திருப்பதில்லை. யுபிஎஃப்1 என்ற புரதம் அதை அடையாளம் காணும். ஈஸ்டில் வால் நீளமாக இருக்கும்போதே தொப்பி கழன்றுவிடும்.

ஜூன் 12

2003-இல் டிசிபி2-உம் அதன் துணைகளும் ஈஸ்ட் செல்லில் சிறு புள்ளிகளாகத் திரள்வதைக் கண்டார்கள். பி-உடல்கள் என்று பெயர் வைத்தார்கள். அழிவு நடப்பதே அங்குதான் என்று அப்போது தோன்றியது. புள்ளிகள் கண்ணுக்குத் தெரியாத செல்களிலும் தூது வழக்கம்போல அழிகிறது என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின.

ஜூன் 15

பெரியம்மைத் தடுப்பூசிக்குப் பயன்பட்ட வாக்சினியா வைரஸ், நூடிக்ஸ் வகையைச் சேர்ந்த டி9, டி10 என்ற இரண்டு தொப்பி கழற்றிகளைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. செல்லின் தூதுகளை ஒழித்தால், புரதம் செய்யும் ரைபோசோம்கள் வைரஸுக்குக் கிடைக்கும், அது புரிகிறது. ஆனால் அவை வைரஸின் சொந்தத் தூதுகளையும் விட்டுவைப்பதில்லை. டி9, டி10 இரண்டையும் செயலிழக்கச் செய்தபோது நடந்தது இது: தொற்றின் பிற்பகுதியில் உருவாகும் வைரஸ் தூதுகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி இரட்டை இழை ஆர்.என்.ஏ-வாகக் குவிந்தன, பிகேஆர் என்ற காவல் புரதம் விழித்துக்கொண்டது, செல் புரத உற்பத்தியையே நிறுத்தியது. செல்லின் எக்ஸ்ஆர்என்1-ஐக் குறைத்தாலும் வைரஸுக்கு இதே கதிதான். அடுத்து பிகேஆர் பற்றிய கட்டுரைகளை எடுத்து வைத்திருக்கிறேன்.