மொட்டை மாடியிலிருந்து ராமன் பள்ளம்

சர் சி.வி. ராமன் பெயரில் நிலாவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதுவும் பூமியைப் பார்த்திருக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. இது தெரிந்த நாளிலிருந்து, ஆதம்பாக்கத்து மொட்டை மாடியிலிருந்தே அதைப் பார்த்துவிட வேண்டும் என்று முயன்றுகொண்டிருந்தேன். இந்த மாசிப் பிரதோஷத்தன்று பார்த்துவிட்டேன்.

என்னிடம் இருப்பது ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (எளிய தாங்கியில் வைத்துக் கையால் தள்ளித் திருப்பும் வகை), குவியத் தூரம் 1200 மி.மீ. 6 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 200 மடங்கு பெரிதாகக் காட்டும். பள்ளத்தின் குறுக்களவு ஏறக்குறைய 10 கி.மீ. சென்ட்ரலிலிருந்து கிண்டிக்கு நேர்கோடு இழுத்தால் வருகிற தூரம்தான். நிலாவின் நடுவில் இருந்தால் இந்த அளவு பள்ளம் ஒன்றும் சிரமம் தராது. ராமன் இருப்பது மேற்கு விளிம்பை நோக்கி, வடக்கு 27, மேற்கு 55 பாகையில். அங்கே எல்லாமே சாய்வாகத் தெரிவதால் பள்ளம் பாதி அகலத்துக்கு ஒடுங்கிவிடுகிறது.

ஆகவே நாள் பார்ப்பது முக்கியம். மேற்கு 55 பாகையில் சூரியன் உதிக்கும்போது நமக்கு வளர்பிறைத் திரயோதசி நடக்கும், அதாவது பிரதோஷ நாள். முந்தைய நாள் அந்த இடம் இருட்டில் கிடக்கும். பௌர்ணமிக்குப் போனால் வெயில் நாம் பார்க்கும் திசையிலிருந்தே விழுவதால் நிழல் தெரியாது, நிழல் இல்லையென்றால் சின்னப் பள்ளமும் இல்லை. காலண்டரில் பிரதோஷத்தைத் தேடினாலே போதும் என்பது எனக்குப் பெரிய வசதியாகிவிட்டது.

தையிலும் முயன்றேன். அன்று இருட்டிய உடனேயே பார்க்க உட்கார்ந்தேன். பகலெல்லாம் காய்ந்த தளம் சூட்டை விட்டுக்கொண்டிருந்ததால் நிலா முழுவதும் அலையடித்தது. மாசியில் ஒன்பது மணிக்கு மேல்தான் மாடி ஏறினேன், காற்று அடங்கியிருந்தது. ஆனால் நிலா அப்போது உச்சிக்குக் கிட்டத்தில் இருந்தது. டாப்சோனியனை உச்சியில் திருப்புவது பெரும்பாடு. 200 மடங்கில் ஒரு நிமிடத்துக்குள் காட்சி ஐபீஸை விட்டு நகர்ந்துவிடும். தள்ளித் தள்ளிப் பார்க்கக் கை பழக வேண்டும்.

வழி இதுதான். முதலில் அரிஸ்டார்க்கஸ். 40 கி.மீ. அகலம், நிலாவின் பெரிய பள்ளங்களில் இதைப் போல் ஒளிர்வது வேறில்லை, தவறவே விடமுடியாது. அதன் மேற்கே ஒட்டினாற்போல் ஹெரோடோட்டஸ், எரிமலைக் குழம்பு நிரம்பி உறைந்த மங்கலான தரையோடு. அதற்கு வடக்கே நாகப்பாம்பு படம் எடுத்தாற்போல் தொடங்கி, ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கு வளைந்து வளைந்து ஓடுகிறது. இதெல்லாம் ஒரு மேட்டுநிலத்தின் மேல் இருக்கிறது. மேட்டின் வடமேற்கு ஓரத்தில் நேர்க்கோடாக ஓர் ஒல்லியான மலைத்தொடர் தெரியும், பெயர் அக்ரிகோலா. அதன் தென்மேற்கு நுனியைத் தாண்டியதும் ராமன்.

அங்கே கண்ணை வைத்துக் காத்திருந்தேன். காட்சி சில விநாடி அசையாமல் நின்றபோது கிழக்கு உட்சுவர் கறுப்பாகவும் மேற்கு உட்சுவர் பளீரென்றும் தெரிந்தன. வட்டமாக இல்லை, நீண்டிருந்தது. சந்தேகம் வரக்கூடாது என்று, கோயிலுக்குப் போய் வந்திருந்த அக்காவைக் கூப்பிட்டு, எதுவும் சொல்லாமல் பார்க்க வைத்தேன்.

“அக்கா, ஒல்லியா ஒரு வெள்ளைக் கோடு தெரியுதா? ரெண்டு நுனியிலயும் என்ன இருக்குன்னு பாரு.”

“ஒரு பக்கம் ஒண்ணுமில்லடா. இன்னொரு பக்கம் கறுப்பா ஒரு புள்ளி, அதை ஒட்டி வெள்ளையா ஒரு வளைவு.”

அவளையே நோட்டில் வரையச் சொன்னேன். என் படத்தோடு ஒத்துப்போனது.

1976 வரை இந்தப் பள்ளத்துக்கு ஹெரோடோட்டஸ் டி என்றுதான் பெயர். பெரிய பள்ளங்களுக்கு அறிஞர் பெயர் வைக்கும் வழக்கத்தை 1651இல் இத்தாலிய வானியலாளர் ரிச்சியோலி நிலைநிறுத்தினார். பக்கத்துச் சின்னப் பள்ளங்களுக்கு எழுத்து ஒட்டும் முறை ஜெர்மன் வானியலாளர் மேட்லருடையது. வரைபடத்தில் அந்த எழுத்து, தாய்ப் பள்ளத்தைப் பார்த்த பக்கமாக இருக்கும். 1970களில் சர்வதேச வானியல் ஒன்றியம் எழுத்துப் பள்ளங்கள் பலவற்றுக்குத் தனிப்பெயர் கொடுத்தது. ராமன் மறைந்தது 1970இல்.

இவ்வளவு பெரிய மனிதருக்கு இவ்வளவு சின்னப் பள்ளமா என்று கேட்கலாம். எனக்கு அந்த ஆதங்கம் இல்லை. நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தை 1861 முதல் 1891 வரை நடத்திய போக்சனுக்கு 50 கி.மீ. பள்ளம் கிடைத்திருக்கிறது. நட்சத்திர ஒளி அளவுக்கு இன்றும் அவர் வகுத்த கணக்குதான். ஆனால் அந்தப் பள்ளம் நிலாவின் மறுபக்கத்தில், பூமியிலிருந்து யாரும் பார்க்கமுடியாத இடத்தில் இருக்கிறது. அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தவர். அவர் பெயரிலும் ஒரு பள்ளம் வரவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராமனின் முதல் ஆய்வுக் கட்டுரை 1906இல், மெரினாவுக்கு எதிரே மாநிலக் கல்லூரியில் மாணவராக இருந்தபோது வெளியானது. செவ்வகத் துளை வழியே போகும் ஒளி விளிம்பில் வளைந்து உண்டாக்கும் பட்டைகளைப் பற்றியது அது. தொலைநோக்கியின் வாயும் ஒரு துளைதான். காற்று எவ்வளவு அடங்கியிருந்தாலும் ஆறு அங்குலத்தில் இதற்குமேல் நுணுக்கம் தெரியாது என்று எல்லை போடுவது அதே ஒளி வளைவுதான்.

அடுத்து நான் தேடப்போவது ஆரியபட்டா பள்ளம், பழைய பெயர் மாஸ்கெலின் இ. குழம்பில் மூழ்கி, கிழக்கு விளிம்பு மட்டும் வில்லாக எஞ்சியிருக்கிறது. அதற்கு வளர்பிறைப் பஞ்சமி சரியான நாள். விக்ரம் சாராபாய் பெயரிலுள்ள பள்ளம் மறுநாள் சஷ்டிக்கு.