மாமாவின் ஸ்டூடியோவுக்கு 160 ஜிபி

"தம்பி, டிஸ்க் நிரம்பிட்டுது, ஒருக்கா வாடா" எண்டு உட்துறைமுக வீதி ஸ்டூடியோ மாமா கூப்பிட்டார். 4 டிபி, லினக்ஸ், ஈஎக்ஸ்டி4 (டிஸ்கில ஃபைல்களை ஒழுங்கா வைக்கிற முறை). முழுக்கக் கல்யாணப் படங்கள்.

ஈஎக்ஸ்டி4 வழமையா 5 வீதத்தை ரூட்டுக்கெண்டு, அதாவது சிஸ்டத்தின்ர தலைமைப் பயனருக்கெண்டு, ஒதுக்கி வைக்கும். சிஸ்டம் இருக்கிற டிஸ்குக்கு அது வேணும். படம் மட்டும் கிடக்கிற டிஸ்கில 200 ஜிபி வீணாக் கிடந்தது. ட்யூன்2எஃப்எஸ் எண்ட கட்டளையால அந்த ஒதுக்கீட்டை 1 வீதமாக்கினன். ஒரு ஃபைலும் அழிக்காமலே 160 ஜிபி! மாமா கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுத் திரும்பவும் பார்த்தார்.

நோஏடைம் எண்ட செட்டிங்கும் போட்டன், படம் திறந்த நேரத்தை எழுதுற வேலை மிச்சம்.

கமிட் இடைவெளியை, அதாவது புது மாற்றங்களை டிஸ்கில எழுதுற இடைவெளியை, மட்டும் 5 செக்கனிலயே விட்டன். அதை 60 ஆக்கினால், கரண்ட் போகேக்க கடைசி ஒரு நிமிட வேலையே போயிடலாம். தாலி கட்டின படத்தைத் திரும்ப எடுக்க ஏலுமே?

பின்னேரம் பேக்கப் டிஸ்க் வாங்கப் போறம்.