23 எர்ரர், ஒரு அடைப்புக்குறி

முதல் செமஸ்டரின் மூன்றாவது லேப். பத்து எண்களைக் கூட்டிச் சொல்லும், சி மொழியில் எழுதிய சின்ன புரோகிராம்தான் (நிரல்). அதைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்ற, கம்பைல் செய்ததும் திரை முழுக்க எர்ரர், எண்ணிப் பார்த்தால் 23. பக்கத்து மேசைக்காரன் எப்போதோ முடித்துவிட்டிருந்தான். இது எனக்கு வராது, வேறு துறைக்கு மாறிவிடலாம் என்று அன்று இரவு விண்ணப்பமே எழுதி வைத்தேன்.

அதைக் கொடுக்காமல் போனதற்குக் காரணம், அடுத்த நாள் லேப் உதவிக்கு வந்த சீனியர் அக்கா. நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கீபோர்டைத் தொடவே இல்லை.

"மேலே போ. முதல் எர்ரரை மட்டும் படி, மத்ததை விடு."

அது 14ஆம் வரியைக் காட்டியது. "14 சரியாத்தானே இருக்கு அக்கா?"

"அப்போ அதுக்கு மேலே பாரு."

13ஆம் வரியில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப் முடிகிற இடத்தில், மூடும் அடைப்புக்குறி ஒன்று கூடுதலாக இருந்தது. புரோகிராமின் முக்கியப் பகுதியான மெயின் ஃபங்ஷன் அங்கேயே முடிந்துபோய், மீதி வரிகள் எல்லாம் வெளியே நின்றன. அதை அழித்தேன். 23 எர்ரரும் போய்விட்டன.

அதற்கு முன் உதவ வந்தவர்கள் எல்லாரும் "தள்ளு, நான் பண்றேன்" என்று தாங்களே டைப் செய்துவிட்டுப் போவார்கள். நல்ல மனதோடுதான். புரோகிராம் ஓடும், எனக்கு மட்டும் எதுவும் விளங்கியிருக்காது.

"பக்கத்து மேசைக்காரனுக்கு மட்டும் எப்படிக்கா வருது?" என்று கேட்டேன். "அவன் எட்டாம் வகுப்பிலிருந்து எழுதறான். நீ மூணு வாரமா எழுதற" என்றார். இவ்வளவுதானா என்று இருந்தது. அவனுக்கு என்னைவிட அறிவு அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் அவன் முன்பே செலவழித்த நேரம்.

அமெரிக்காவின் ஆரம்பகால மின்னணுக் கணினியான எனியாக்கைப் பற்றிப் பிறகு படித்தபோது இது இன்னும் உறைத்தது. 1945இல் அதற்கு நிரல் எழுதத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பேருமே பெண்கள். ஜீன் பார்ட்டிக்கும் பெட்டி ஹோல்பர்ட்டனும் அவர்களில் இருவர். கையேடு கிடையாது, எழுத ஒரு நிரல்மொழி கிடையாது. இயந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்தே கற்றார்கள். அந்த வேலையில் முன்னனுபவம் உள்ளவர் என்று யாருமே இல்லாத காலம் அது.

அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி செய்ததும் இதை ஒட்டித்தான். ஏற்கெனவே நிரல் எழுதிப் பழகியவர்களையும் புதியவர்களையும் அறிமுக வகுப்பில் தனித்தனிப் பிரிவாக்கினார்கள். பாடத்தையும் மாற்றி அமைத்தார்கள். கணினி அறிவியலைத் தேர்ந்தெடுத்தவர்களில் பெண்கள் சுமார் 10 சதவீதமாக இருந்தது, சில ஆண்டுகளில் 40 சதவீத அளவுக்கு வந்தது. எங்கள் வகுப்பில் அப்படிப் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் அந்த விண்ணப்பத்தை நான் எழுதியே இருக்க மாட்டேன்.

அப்புறம் நான் செய்தது இரண்டு காரியம். ஒரு நோட்டுப் போட்டு, வந்த எர்ரரையும் அது உண்மையில் எதனால் வந்தது என்பதையும் எழுதினேன். லேப் பார்ட்னரிடம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கீபோர்டை மாற்றிக்கொள்வோம் என்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் ஒரு வாரம் பிடித்தது. அவன் உடனே சரி என்றான். பாயிண்டர் (நினைவக முகவரிகளைக் கையாள்வது) பாடத்தில் இருவருமே சேர்ந்து திணறினோம். அது எனக்குப் பெரிய ஆறுதல்.

வேலையில் சேர்ந்து முதல் கோட் ரிவ்யூவில், அதாவது நான் எழுதிய நிரலைச் சக ஊழியர்கள் படித்துக் கருத்துச் சொன்னபோது, 31 கமெண்ட் வந்தது. மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். பாதிக்கு மேல் ஒரே தவறின் நகல்கள்.

இப்போது வாரம் ஒருநாள், புதிதாக நிரல் எழுதத் தொடங்கும் பெண்களோடு உட்காருகிறேன். திரை சிவந்து போய் அவர்கள் என்னைத் திரும்பிப் பார்க்கும்போது, என் கை இன்னமும் தானாகக் கீபோர்டை நோக்கிப் போகிறது. கையை மடியில் வைத்துக்கொண்டு, "மேலே போம்மா" என்கிறேன்.