பூசண நோயிலிருந்து தேறும்போது சாப்பாடு: நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

வீட்டில் பூசணம் பிடித்து, அதனால் இருமல், மூக்கடைப்பு, வீசிங் என்று அவதிப்பட்டு இப்போது தேறி வருகிறவர்கள் சாப்பாட்டில் எதை மாற்றலாம், எதை மாற்றத் தேவையில்லை என்பதை இங்கே அவ்வப்போது குறித்து வைக்கிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். மூச்சோடு உள்ளே போன பூஞ்சையைச் சாப்பாட்டால் வெளியேற்ற முடியாது. சுவர் ஈரமாக இருக்கிறவரை எந்தப் பத்தியமும் வேலைக்கு ஆகாது. கசிவை அடைப்பது, நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைப்பது, வீட்டுக்குள் ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30 முதல் 50க்குள் வைப்பது, இவைதான் சிகிச்சையில் பெரும்பங்கு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட உட்புறக் காற்று வழிகாட்டியும் ஈரத்தைத் தடுப்பதைத்தான் முன்னால் வைக்கிறது.

இதில் சமையலறைக்கும் பங்கு உண்டு. மூடி போடாமல் கொதிக்கும் பாத்திரம் விடும் ஆவி குளிர்ந்த சுவரிலும் அலமாரியின் பின்பக்கத்திலும் போய்ப் படியும். மூடி போட்டுச் சமையுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்புப் பற்றவைக்கும்போதே போட்டு, சமைத்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அந்த ஃபேன் காற்றைக் கட்டடத்துக்கு வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள். வடிகட்டி அதே அறைக்குள் திருப்பி விடும் வகை எண்ணெய்ப் பிசுக்கைத்தான் பிடிக்கும், ஈரத்தைப் பிடிக்காது.

மார்ச் 6, வியாழன்

"இனிப்பை அடியோடு நிறுத்தினால் பூஞ்சை பட்டினி கிடந்து சாகும்." அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஈரமான வீட்டில் பெரும்பாலானவர்களுக்கு வருவது, மூச்சில் போகும் வித்துகளாலும் துகள்களாலும் மூக்கும் மூச்சுக்குழாயும் படும் எரிச்சல், ஒவ்வாமை. அவர்களுக்கு உள்ளே பூஞ்சை செடிபோல் வேர்விட்டு வளர்வது கிடையாது. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் உடம்பே பார்த்துக்கொள்கிறது. தேநீரில் ஒரு கரண்டி குறைத்ததால் நுரையீரலில் ஒன்றும் மாறாது.

இனிப்பைக் குறைத்தே ஆக வேண்டியவர்களும் உண்டு. பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஏறும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுப்பவர்களின் நாக்கில் வெள்ளையாகப் படிந்தால் அது வேறு வகைப் பூஞ்சை. ஒவ்வொரு முறை இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புவது அதற்கு இனிப்பை விடுவதைவிட அதிகம் உதவும்.

ஈஸ்ட் போட்ட ரொட்டி, வினிகர், காளான் எல்லாவற்றையும் எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை. ரொட்டியின் ஈஸ்ட் வேறு இனம், அடுப்பிலேயே செத்துவிடும். பூஞ்சை ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு மட்டும் காளான் தின்றதும் வாய் அரிக்கும், உதடு தடிக்கும். ஃபியூசேரியம் வெனனேட்டம் என்ற பூஞ்சையிலிருந்து செய்யும் மைக்கோபுரோட்டீன் இறைச்சி மாற்றுகளுக்கும் இது பொருந்தும். அப்படி ஆனவர்கள் விட்டுவிடட்டும். தொண்டை இறுகினாலோ மூச்சுத் திணறினாலோ அது அவசர சிகிச்சைக்கு உரியது, வீட்டில் இரண்டாம் முறை சோதித்துப் பார்க்கக் கூடாது.

மார்ச் 11, செவ்வாய்

சாப்பாட்டில் பூஞ்சை உண்மையிலேயே கவலைப்பட வைக்கும் இடம் தானியமும் கொட்டைகளும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தேடிப்போனபோதுதான் அஃப்ளடாக்சின் அகப்பட்டது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை விடும் நஞ்சு அது, கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உறுதியானது. நேரடியாகச் சாப்பிடும் நிலக்கடலையில் ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் வரைதான் அனுமதிக்கிறது, அமெரிக்கா 20 வரை.

இந்த நஞ்சு 237 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் சிதைகிறது. தண்ணீர் கொதிப்பது 100இல். ஆகவே வேகவைத்தால் போய்விடும் என்று நம்ப முடியாது. வறுத்தால் ஒரு பங்கு குறையும், முழுதும் போகாது. பூசணத்தைத் துடைத்துவிட்டாலும் நஞ்சு அங்கேயே இருக்கும். வாங்கும்போதும் வைத்துக்கொள்ளும்போதும்தான் தடுக்க முடியும்.

நிலக்கடலையை வெள்ளைத் தட்டில் கொட்டி, நல்ல வெளிச்சத்தில் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, உடைந்தது, பூச்சி துளைத்தது, தோலுக்கடியில் பச்சையோ மஞ்சளோ தெரிவது எல்லாம் குப்பைக்கு. நஞ்சு எல்லாப் பருப்பிலும் சமமாகப் பரவியிருப்பதில்லை, சில பருப்புகளில் குவிந்திருக்கும். அதனால்தான் கையால் பொறுக்குவது இவ்வளவு பலன் தருகிறது. கசப்பாகப் பட்ட பருப்பை விழுங்காமல் துப்பிவிடுங்கள். முழுப் பருப்பாக வாங்கினால் கண்ணால் பார்க்கலாம். பொடியாகவோ உடைத்ததாகவோ வாங்கினால் பார்க்க வழியில்லை.

தானியம் காய்ந்திருக்கிறதா என்பதற்கு உப்புச் சோதனை போதும். முக்கால் லிட்டர் கண்ணாடி பாட்டில் ஒன்றை நன்றாகக் காயவைத்து, அடுப்பில் சூடாக்கி ஆறவைத்த உப்பு 20 முதல் 30 கிராம் போடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குத் தானியத்தை நிரப்பி, மூடி ஒரு நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் விடுங்கள். உப்பு பாட்டிலின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும். ஒட்டாமல் அடியில் உதிர்ந்தால் 15க்குக் கீழ். நீண்ட நாள் வைக்க 13 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், ஓடு நீக்கிய நிலக்கடலை என்றால் 7. பாட்டிலிலேயே ஈரம் இருந்தால் சோதனை பொய் சொல்லும்.

டப்பா விஷயத்தில் தவறுவது மூன்று இடங்களில். பழைய மாவின் மேல் புது மாவைக் கொட்டுகிறோம், அடியில் கிடப்பது மாதக்கணக்கில் வெளியே வருவதே இல்லை. மசாலாப் பொடியை ஆவி பறக்கும் பாத்திரத்துக்கு மேலே டப்பாவோடு கவிழ்த்துத் தட்டுகிறோம், ஆவி உள்ளே புகுந்து பொடி கட்டி தட்டிப் போகிறது; காய்ந்த கரண்டியால் எடுத்துத் தள்ளிப்போய்ப் போடுங்கள். ஃப்ரீசரில் வைத்த கொட்டைகளை எடுத்த உடனே திறக்கிறோம், வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த பருப்பின் மேல் வியர்த்து நிற்கிறது. டப்பாவை மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டு அப்புறம் திறங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரித்து வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

காபி பற்றியும் கேட்கிறார்கள். காபிக்கொட்டையில் ஆக்ரடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம், வறுக்கும்போது ஒரு பகுதி குறைகிறது. "பூஞ்சையற்ற காபி" என்று தனியாக விலை வைத்து விற்பதை வாங்க எங்களுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மார்ச் 15, சனி

எதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம்? கெட்டிச் சீஸ், கேரட், முட்டைக்கோஸ், குடைமிளகாய் போன்ற இறுகிய பொருள்கள் மட்டும். பூசணத்தைச் சுற்றியும் அடியிலும் குறைந்தது 2.5 செ.மீ. விட்டு வெட்டுங்கள், கத்தி பூசணத்தில் படாமல். ரொட்டி, ஜாம், தயிர், மென்மையான சீஸ், நிலக்கடலை வெண்ணெய், சமைத்த சாதம், மென்மையான பழங்கள், கொட்டைகள் என்றால் முழுதாக எறிய வேண்டியதுதான். மேலே தெரிவது சிறு புள்ளியானாலும் உள்ளே இழை ஓடியிருக்கும். அழுகல் விழுந்த ஆப்பிளைச் சாறுக்குப் போடாதீர்கள், அதில் பாட்டுலின் என்ற நஞ்சு சேரும்.

எறியும் முன் முகர்ந்து பார்க்க வேண்டாம். ஒவ்வாமைக்காரர் மூக்கில் நேரே வித்துகளை ஏற்றிக்கொள்வது அது. மெதுவாகப் பையில் போட்டுக் கட்டி, வேறு யாராவது வெளியே கொண்டுபோகட்டும். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியில் இருக்கட்டும், மிச்ச உணவு 3 அல்லது 4 நாளுக்கு மேல் வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து உள்ளே துடைத்து உலரவிடுங்கள். கதவின் ரப்பர் மடிப்பை விரலால் விரித்துப் பார்க்க மறக்காதீர்கள். கறுப்புப் புள்ளி முதலில் தென்படுவது அங்கேதான்.

மார்ச் 20, வியாழன்

இருமலும் அசதியுமாக வாரக்கணக்கில் கிடந்தவர் சரியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார். இளைத்துப்போன தசையைத் திரும்பக் கொண்டுவரப் புரதம் வேண்டும்: உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். இரண்டு முட்டையில் 12 கிராம், வேகவைத்த பருப்பு 200 கிராமில் ஏறக்குறைய 17, பாலோ தயிரோ 400 மி.லி.யில் 13, சமைத்த மீனோ கோழியோ 100 கிராமில் 25 அளவு. மிச்சம் தானியத்தில் வந்துவிடும். இதை ராத்திரிச் சாப்பாட்டில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது, மருத்துவர் சொல்வதே கணக்கு.

காய்கறியும் பழமும் தினம் நிறைய இருக்கட்டும் என்பதற்குப் பின்னால் ஒரு சோதனை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஆஸ்துமாக்காரர்கள் 137 பேரை வைத்து நடத்தி 2012இல் வெளியிட்டார்கள். காய்கறி, பழம் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு ஆஸ்துமா முற்றுவது கூடியது. அதே சோதனையில் தக்காளியின் லைக்கோபீனைத் தனியாக எடுத்துக் கொடுத்தது அந்தக் குறையை ஈடுகட்டவில்லை. ஆகவே தட்டில் காய் வையுங்கள், டப்பா மருந்தைத் தேடாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் ஒரே நாளில் நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு உப்பும். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டி, 25 முதல் 30 கிராமுக்கு வந்து நிறுத்துங்கள், தண்ணீரும் கூடவே கூட வேண்டும்.

ராத்திரி இருமல் நிற்காதவர்கள் படுப்பதற்கு 2 முதல் 3 மணி நேரம் முன்பே சாப்பிட்டுவிடட்டும். புளித்து மேலேறும் அமிலத்துக்கும் இருமல் வரும். அந்தப் பழியும் பூசணத்தின் மேலேயே விழுகிறது.

மார்ச் 24, திங்கள்

பூஞ்சை மருந்தும் சாப்பாடும். நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் ஒவ்வாமை முற்றியவர்களுக்கு இட்ராகோனசோல் கொடுப்பார்கள். கேப்ஸ்யூல் என்றால் வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே. திரவ மருந்து என்றால் வெறும் வயிற்றில். இரண்டும் ஒரே மருந்துதானே என்று மாற்றிச் சாப்பிட்டால் ரத்தத்தில் போதிய அளவு ஏறாது. கேப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், ஆகவே ஆன்டாசிட் குடித்தால் குறைந்தது 2 மணி நேர இடைவெளி. வோரிகோனசோல் நேர்மாறு: சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ. கிரேப்ஃப்ரூட்டை இந்தக் காலத்தில் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை மாதக்கணக்கில் போகும் என்றால் எலும்பு தேயும். கால்சியம் சாப்பாட்டோடு சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி., வைட்டமின் டி 600 முதல் 800 யூனிட். 250 மி.லி. பாலில் 300 மி.கி. கால்சியம் இருக்கும். உப்பு 5 கிராமுக்குள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

சிறுநீரில் பூஞ்சை நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையும் அதைப் பார்த்து எழுதிக்கொடுக்கும் "உறிஞ்சி" மருந்துகளும். ஆரோக்கியமானவர்களின் சிறுநீரிலும் இந்த நஞ்சுகள் சிறிதளவு இருக்கும், காரணம் அவர்கள் சாப்பிட்ட தானியம். வீட்டுச் சுவரிலிருந்து வந்ததா தட்டிலிருந்து வந்ததா என்று அந்த எண் சொல்லாது. நோயைக் கண்டறிய இந்தப் பரிசோதனைகள் சரிபார்க்கப்படவில்லை என்று அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. 2015இல் எழுதியது.

அந்த உறிஞ்சிகளில் ஒன்றான கரித்தூள் நஞ்சை மட்டும் பிடிப்பதில்லை, கூடவே சாப்பிட்ட மாத்திரையையும் பிடித்துக்கொண்டு வெளியே போகும். இன்னொன்றான கொலஸ்டிரமைன் கொழுப்பில் கரையும் ஏ, டி, இ, கே வைட்டமின்களைக் குறைக்கும், மலச்சிக்கல் வரும். மருத்துவர் வேறு காரணத்துக்காக அதைக் கொடுத்திருந்தால் மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, 4 முதல் 6 மணி நேரம் கழித்தோ சாப்பிட வேண்டும்.

ஏப்ரல் 5, சனி

பழைய சீஸ், ஒயின், பதப்படுத்திய இறைச்சி, புளிக்கவைத்த மீன் சாப்பிட்டால் முகம் சிவந்து மூக்கு ஒழுகுகிறது என்பவர்கள் ஒவ்வாமை போன்ற அறிகுறிகளைத் தூண்டும் ஹிஸ்டமின் என்ற பொருள் குறைந்த உணவைச் சோதித்துப் பார்க்கலாம். எல்லோருக்கும் தேவையில்லை. உலர்பழம், ஒயினில் மட்டும் வீசிங் வந்தால் சந்தேகம் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் மேல். லேபிளில் இ220 முதல் இ228 வரை உள்ள எண்ணைத் தேடுங்கள்.

சோதனை 2 முதல் 4 வாரம், அதற்கு மேல் வேண்டாம். அந்த நாள்களில் மருந்தை மாற்றக் கூடாது, வீட்டைச் சுத்தம் செய்யும் பெரிய வேலையையும் தொடங்கக் கூடாது. தொடங்கினால் எதனால் குணம் தெரிந்தது என்று பிரித்தறிய முடியாது. நோட்டில் நேரம், சாப்பிட்டது, அளவு, அறிகுறி. ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் காலையும் மாலையும் மூன்று முறை ஊதி, அதிகமானதை எழுதட்டும். தனக்கு வழக்கமாக வரும் சிறந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் சோதனையை நிறுத்தி மருத்துவர் தந்த திட்டப்படி நடக்க வேண்டும், 50க்குக் கீழே போனால் உடனே மருத்துவமனை.

பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள். ஒரு பொருள், முதலில் சிறிதளவு, மறுநாள் வழக்கமான அளவு, அடுத்ததற்கு முன் 2 அல்லது 3 நாள் இடைவெளி. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: கொஞ்சம் தேறியதும், இனி எதையும் தொட வேண்டாம் என்று அந்தக் குறுகிய பட்டியலிலேயே நின்றுவிடுகிறார்கள். நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் திரும்பச் சாப்பிடலாம். ஒரு மாதத்தில் எடை 5 சதவீதம் இறங்கினாலோ, காய்ச்சலோ சளியில் ரத்தமோ வந்தாலோ பத்தியத்தை அப்போதே விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள், நோட்டையும் கையில் எடுத்துக்கொண்டு.