ஜமக்காளப் பட்டையும் சிக்குக்கோலமும்: ஒரு களிமண் டைல்

இந்தத் தடவை எடுத்துக்கொண்டது ஆறு அங்குலச் சதுர டைல். செம்மண் பலகை, மேலே வெள்ளை மண் பூச்சு. பூச்சைச் சுரண்டினால் அடியிலிருக்கும் சிவப்பு தெரியும். ஒரு பாதியில் பவானி ஜமக்காளத்துப் பட்டைகள், மறுபாதியில் சிக்குக்கோலம்.

நேர்க்கோட்டையும் வளைகோட்டையும் பக்கத்தில் வைத்தாலே எடுப்பாக இருக்கும் என்று தோன்றும். அது போதாது. கோட்டின் தடிமனும் நெருக்கமும் ஒன்றாக இருந்தால் நாலடி தள்ளி நின்று பார்க்கையில் இரண்டும் கலங்கிப்போகும். அதனால் முதல் பாதியில் பட்டைகளையே அகலமாகச் சுரண்டினேன், வெள்ளையில் சிவப்பு. கோலப் பாதியில் இழையை விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை எடுத்தேன். காவி பூசிய வாசலில் போட்ட மாவுக்கோலம் போலச் சிவப்பில் வெள்ளை.

கோலத்தைப் புள்ளி வைத்துப் போட்டுக் கொடுத்தது அம்மா. "இழை எங்கயும் விட்டுப்போகக் கூடாது கண்ணு" என்றார். இழைகள் குறுக்கிடும் இடத்தில் பூச்சு பெயரப் பார்க்கும். அங்கே மட்டும் இழையைக் கொஞ்சம் தடிமனாக விட்டேன்.

எல்லாம் பதத்தில்தான் இருக்கிறது. நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும், விரலில் மண் ஒட்டக் கூடாது. பூச்சையும் பலகை ஈரமாக இருக்கும்போதே பூசிவிட வேண்டும். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து சுருங்கும். காய்ந்த மண்மேல் பூசினால் உரிந்து வந்துவிடும். சுரண்டும்போது ஓரத்தில் சுருள் சுருளாகச் செம்மண் எழும். அதை ஈரத்தில் துடைத்தால் வெள்ளையெல்லாம் சிவப்பாகிவிடும். அப்படியே காயவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டால் விளிம்பு கூர்மையாக நிற்கிறது.

மண்ணில் கீறுவது நம்ம பக்கத்துக்குப் பழைய பழக்கம். நொய்யல் கரையில் அகழாய்வு நடந்த கொடுமணலில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அங்கே பெரும்பாலும் சுட்ட பிறகு கீறியிருக்கிறார்கள். சுட்ட ஓட்டில் கோட்டின் ஓரம் பொரிந்து வரும். பச்சை மண்ணில் வழுவழுவென்று வெட்டு விழும்.

காயவைப்பதில்தான் கோயமுத்தூர்க்காரர்களுக்குச் சோதனை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வீசுகிற நாட்களில் ஓரம் முதலில் காய்ந்து, நடு ஈரமாகவே இருக்கும். டைல் நாலு மூலையும் தூக்கிக்கொள்ளும். செய்தித்தாள் சுற்றி, இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவில் வைத்து, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, அவ்வப்போது திருப்பிப் போட்டேன். மெதுவாகக் காய்ந்தாலும் வளையவில்லை.

முதல் சூடு 1000 டிகிரி வரை, கரண்ட் சூளையில். 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று அளவு மாறும், அவசரப்பட்டால் விரிசல் விடும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தை நிதானமாகக் கடக்க வேண்டும். தட்டையான டைலுக்கு இது ரொம்ப முக்கியம். கையில் சூடு தாங்கும்வரை சூளைக் கதவைத் திறக்கவில்லை.

வெளியே எடுத்ததும் சுண்டிப் பார்த்தேன், கணீரென்றது. பட்டைப் பக்கம் சிவப்பு நன்றாக ஏறியிருக்கிறது. அடுத்தது நிறமில்லாத கிளேஸ், அதாவது சுட்டால் கண்ணாடி போலாகும் மேல்பூச்சு. அது சிவப்பை இன்னும் கருக்கும், சுரண்டிய பள்ளங்களில் தேங்கவும் செய்யும் என்பதால், மீதியிருக்கும் துண்டு ஒன்றில் மெல்லிசாகப் பூசிப் பார்த்துவிட்டுத்தான் இதில் கைவைக்கப் போகிறேன்.